கரியின் வயதும் எழுத்தின் வயதும்: கொரியப் பழம் அச்சுநூல்களின் மை பற்றிய அறிவியல் ஆய்வுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொரியாவின் பழம் அச்சுநூல்களில் உள்ள மையும், பழைய உலோக அச்செழுத்துகளில் ஒட்டியுள்ள மையும் அண்மைக்காலத்தில் அறிவியற் கருவிகளால் ஆராயப்பட்டு வருகின்றன. இவ்வாய்வுகளின் அளவீடுகளை ஐயுறுவதற்குக் காரணம் குறைவு. அளவீட்டிலிருந்து வரலாற்று முடிவுக்குச் செல்லும் இடைப்படியே ஐயத்திற்கு உரியது. மையின் வயது எழுத்தின் வயதாகவும், மையின் வகை அச்சு முறையாகவும், தாளில் உள்ள உலோகத் துகள் அச்செழுத்தின் தடமாகவும் எளிதில் மாற்றிப் படிக்கப்படுகின்றன. இம்மூன்று மாற்றங்களையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: கொரிய அச்சு, ஜிக்ஜி, ஜுங்தோகா, புகைக்கரி மை, கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு, எக்ஸ்-கதிர் உடனொளிர்வு.

முன்னுரை

2010ஆம் ஆண்டில் தென்கொரியாவில் 12 உலோக அச்செழுத்துகள் ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்டன. ஜுங்தோகா எனச் சுருக்கமாக வழங்கும் தியான பௌத்தச் செய்யுள் நூலை அச்சிடப் பயன்பட்ட எழுத்துகள் இவையே என்பது அவற்றை அறிமுகப்படுத்தியோரின் கூற்று. அந்நூலின் இன்று கிடைக்கும் பதிப்பு 1239இல் மரப்பலகையில் செதுக்கப்பட்டது. முன்னர் உலோக எழுத்துகளால் அச்சிடப்பட்ட நூலைக் கொண்டே இப்பலகைகள் செதுக்கப்பட்டன என்று அதன் பின்குறிப்பு கூறுகிறது. அந்த முந்தைய பதிப்பின் படி ஒன்றும் இன்று இல்லை. நூல் மறைந்துவிட்ட நிலையில் அதனை அச்சிட்ட எழுத்துகள் மட்டும் கிடைத்தன என்பது எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும் செய்தியே.

இக்கூற்று நிறுவப்பட்டால் அதன் விளைவு சிறியதன்று. உலோக எழுத்துகளால் அச்சாகி இன்றும் எஞ்சியுள்ள நூல்களுள் மிகப் பழையது, 1377இல் சொங்ஜு நகருக்கு அருகிலுள்ள ஹுங்தொக் கோயிலில் அச்சான ஜிக்ஜி ஆகும். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2001இல் இடம்பெற்ற அந்நூலின் இரண்டாம் தொகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. அதுவும் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கொரிய மண்ணில் இல்லாத ஜிக்ஜியைவிடக் குறைந்தது 138 ஆண்டுகள் மூத்த எழுத்துகள் கொரியாவிலேயே உள்ளன என்ற எண்ணம் ஏற்படுத்திய உணர்ச்சியைப் புரிந்துகொள்ள முடியும். இவ்வெழுத்துகளின் பழமைக்கு முதன்மைச் சான்றாக முன்வைக்கப்பட்டது எழுத்தின் வடிவம் மட்டுமன்று. அவற்றின் பள்ளங்களில் உறைந்திருந்த மையின் கரிமக் காலக்கணிப்பும் ஆகும். கணிப்பு கொர்யோ அரசின் காலத்தைச் சுட்டியது. எனினும் 2017 ஏப்ரலில், 101 எழுத்துகளை நாட்டின் அரும்பொருளாக அறிவிக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தைக் கொரிய அரசின் பண்பாட்டு மரபுக் குழு ஏற்க மறுத்தது. எழுத்து வடிவங்கள் நூலோடு போதிய அளவு பொருந்தவில்லை என்பதும், அவை எங்கிருந்து கிடைத்து யார் கைவழி வந்தன என்பது தெளிவாகவில்லை என்பதும் மறுப்பின் அடிப்படை.

அறிவியல் 'ஆம்' என்றதை அதிகாரக் குழு 'இல்லை' என்றது எனச் சிலர் இதனைப் படித்தனர். அப்படிப் படிப்பது சரியன்று. அறிவியல் 'ஆம்' என்றது வேறொரு வினாவுக்கு.

கரியும் பசையும்

கிழக்காசியாவின் கறுப்பு மை அடிப்படையில் இரண்டு பொருள்களால் ஆனது: புகைக்கரி, விலங்குப் பசை. எருதின் தோல் முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தில் கரியைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்திக் கட்டியாக்குவர். வேண்டும்போது நீர்விட்டு உரைத்துக் கொள்வர். அச்சுக்கூடங்கள் நீர்த்த மையையே பேரளவில் பயன்படுத்தின.

கரி கிடைக்கும் வழி இரண்டு. பிசின் செறிந்த தேவதாரு இனப் பைன் மரத்தை எரித்து, புகையை நீண்ட கூண்டின் வழியே செலுத்தி, அதன் சுவரில் படிவதைச் சுரண்டி எடுப்பது ஒருவழி. இக்கரியால் ஆனது சொங்யொன்முக், அதாவது பைன்புகை மை. எண்ணெய் விளக்கின் சுடருக்குமேல் கலத்தைக் கவிழ்த்துக் கரி பிடிப்பது மற்றொரு வழி; நம் வீடுகளில் கண்மைக்குக் கரி பிடித்த முறையும் இதுவே. இவ்வாறு ஆனது யுயொன்முக், எண்ணெய்ப்புகை மை. முன்னது சற்று நீலம் பாய்ந்து மங்கலாகவும், பின்னது பழுப்புச் சாயலுடன் பளபளப்பாகவும் இருக்கும் என்பது மை வல்லுநர்களின் மரபான கருத்து.

மரப்பலகை அச்சுக்குப் பைன்புகை மை ஏற்றது, உலோக எழுத்துக்கு அது ஒட்டாமல் திரள்வதால் எண்ணெய்ப்புகை மையே தேவை என்பது கொரிய நூலியல் எழுத்துகளில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் கருத்து. இது நேர்த்தியானது; ஓரளவு நடைமுறை அறிவையும் தழுவியது. ஆயினும் இது விதியன்று. உலோகப் பரப்பில் மை படர்வதைக் கரி மட்டும் முடிவு செய்வதில்லை. பசையின் அளவு, அதன் தரம், பரப்பின் தூய்மை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. இக்கருத்தை விதியாகக் கொண்டு, ஒரு நூலில் எண்ணெய்ப்புகைக் கரி இருப்பதாகக் கண்டு, 'ஆகவே இது உலோக எழுத்து அச்சு' எனத் துணிவது, நிறுவ வேண்டியதை முற்கோளாகக் கொள்ளும் வட்டவாதமே ஆகும்.

விடுபட்ட ஒரு சொல்

இவ்விடத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கோளாற்றைச் சுட்டியாக வேண்டும். யுயொன்முக் என்னும் தொடரில் மூன்று சீன எழுத்துகள் உள்ளன: எண்ணெய், புகை, மை. மேலைமொழி அறிமுக எழுத்துகளில் நடுவிலுள்ள 'புகை' அடிக்கடி விடுபட்டு, 'எண்ணெய் மை' எஞ்சிவிடுகிறது. அதன்பின் கொரியர் கூட்டன்பர்க்குக்கு முன்பே எண்ணெய் மையைக் கண்டறிந்தனர் என்ற வாக்கியம் தானாகவே பிறக்கிறது.

இரண்டும் வெவ்வேறு பொருள்கள். கூட்டன்பர்க் கையாண்ட மையில் எண்ணெய் என்பது ஊடகம். காய்ச்சிய எண்ணெயில் நிறமி குழைந்திருக்கும். அது தாளில் காற்றுப்பட்டு இறுகும். கொரிய மையில் எண்ணெய் என்பது எரிபொருள். அது எரிந்து கரியாகி முடிந்துவிட்டது. ஊடகம் நீரும் பசையுமே. அழுத்துபொறி இன்றி, மை தடவிய எழுத்துகளின்மேல் தாளை விரித்து முதுகுப்புறத்தைத் தேய்த்து அச்செடுக்கும் கொரிய முறைக்கு நீர் மையே இயைந்தது. கொரியத் தொழில்நுட்பம் ஐரோப்பாவுக்குச் சென்றதா என்ற வினாவில் மையை இணைப்புக் கண்ணியாகக் காட்டும் எழுத்துகளைப் படிக்கும்போது, ஆசிரியர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அறிந்தவர் மையை இணைப்பாகக் காட்டமாட்டார்.

கரியின் வகையைக் கண்டறிவது எத்துணை இயலும் என்பது அடுத்த வினா. மின்னணு நுண்ணோக்கியில் எண்ணெய்ப்புகைத் துகள்கள் நுண்ணியனவாகவும் ஓரளவு ஒரே அளவினவாகவும், பைன்புகைத் துகள்கள் பருத்தும் அளவில் மாறுபட்டும் தோன்றும் என்பர். பொதுப்போக்காக இது சரியே. ஆனால் 1637இல் சீனத்தில் வெளிவந்த 'தியேன்குங் கைவூ' என்னும் தொழில்நுட்ப நூல் இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றைத் தருகிறது. பைன்புகைக் கூண்டில் நெருப்புக்கு மிகத் தொலைவான பகுதியில் படியும் நுண்கரி உயர்ந்த மைக்கும், நெருப்புக்கு அருகில் படியும் பருங்கரி நூல் அச்சிடுவோருக்கும் விற்கப்பட்டதாக அந்நூலாசிரியர் சொங் யிங்சிங் எழுதுகிறார். அக்காலத்து மையில் பத்தில் ஒன்பது பங்கு பைன்புகையால் ஆனது என்பதும் அவர் தரும் கணக்கு. இது சீனச் செய்தி. கொரியாவுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் துகளின் அளவை மரத்தின் வகையோடு கூண்டில் இருந்த தொலைவும் முடிவு செய்கிறது என்பது எங்கும் பொருந்தும். பருந்துகள் என்பது 'பைன்' என்பதற்கு மட்டுமன்றி 'மலிவான கரி' என்பதற்கும் அடையாளமாகலாம்.

இராமன் நிறமாலை கரியின் ஒழுங்கின்மையைக் காட்டும். மூலப்பொருளை உறுதியாகச் சொல்லுவது அதற்கு அரிது. கார்பன் ஓரிடத்தான் விகிதமும் பெரிதும் உதவாது. ஏனெனில் பைன், எள், பெரில்லா, கடுகினப் பயிர் ஆகிய யாவும் ஒரே வகை ஒளிச்சேர்க்கை வழியைப் பின்பற்றுவன. வெப்பச்சிதைவு வாயு நிறச்சாரல் பகுப்பாய்வு மட்டுமே ஓரளவு தெளிவான விடை தரவல்லது. ரெட்டீன் முதலிய பைன் பிசினின் எச்சங்களை அது காட்டும். அவை இருப்பின் பைன் என்று துணியலாம். இல்லையெனின் எண்ணெய் என்று துணிய இயலாது. கடும்வெப்பத்தில் அவ்வெச்சங்கள் அழிந்தும் போகலாம். மேலும் இம்முறைக்கு மையைச் சிறிதளவேனும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே படி மட்டும் எஞ்சியுள்ள நூலில் அதற்கு எந்த நூலகமும் எளிதில் இசையாது.

கரியின் வயது

கதிரியக்கக் கரிமக் கணிப்பு அளப்பது, அந்தக் கார்பன் உயிருள்ள பொருளொன்றில் கடைசியாகச் சேர்ந்த காலத்தை. மை பிசைந்த நாளையோ அச்சிட்ட நாளையோ எழுத்தை வார்த்த நாளையோ அது அளப்பதில்லை. இது பாடநூல் செய்தி. ஆயினும் ஜுங்தோகா எழுத்து விவாதத்தில் பொதுவெளியில் மிகுதியும் மறக்கப்பட்டதும் இதுவே.

பைன் மரத்தின் உள்வைரம் வெட்டப்படுவதற்கு நூறு அல்லது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வளர்ச்சி நின்றதாக இருக்கலாம். அம்மரத்தின் கரி, மையைவிட மூத்த வயதைக் காட்டும். எண்ணெய் விதையோ ஓராண்டுப் பயிர். அதன் கரி மை செய்த காலத்தை நெருங்கி நிற்கும். ஆக, ஒரு கணிப்பை எவ்வாறு படிப்பது என்பது கரியின் வகையைப் பொறுத்தது. வகையைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாட்டை மேலே கண்டோம். ஒன்றன் ஐயம் மற்றொன்றில் அப்படியே ஏறி அமர்கிறது.

பசையும் கார்பனே. மாதிரியைத் தூய்மை செய்யும்போது பசை முழுதும் நீங்காவிடில் விலங்கின் வயதும் கரியின் வயதும் கலந்த ஒரு சராசரியே கிடைக்கும். கடல்மீன் பசையெனில் கடல்நீரின் பழங்கார்பன் காரணமாக வயது சில நூற்றாண்டுகள் மூத்துத் தோன்றும். இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சோசொன் அரசில் 1403இல் வார்க்கப்பட்ட க்யேமிஜா எழுத்துகள் தேன்மெழுகில் பதித்து அடுக்கப்பட்டன. எழுத்துகள் அசைந்து பணி தாமதமானதால் 1420இலும் 1434இலும் வடிவம் திருத்தி மீண்டும் வார்க்கப்பட்டன என அரச ஏடுகள் கூறுகின்றன. பழைய எழுத்தின் பள்ளத்தில் கறுத்துக் கிடப்பது முழுதும் மைதானா, மெழுகும் மண்ணும் சேர்ந்ததா என்பதும் கணிப்புக்கு முன் தீர வேண்டிய வினாவே.

இவை எல்லாம் தீர்ந்தாலும் ஒரு தடை எஞ்சும். நல்ல மைக்கட்டி கெடுவதில்லை. பழைய கட்டிகளைப் போற்றி வைத்திருக்கும் வழக்கம் கிழக்காசியாவில் உண்டு. பழைய மையை நீர்விட்டு உரைத்துப் புதிய உலோகத்தில் பூசுவது கடினமன்று. அவ்வெழுத்துகள் அவ்வாறு செய்யப்பட்டவை என்று இங்குக் கூறவில்லை. அந்த வாய்ப்பைக் கரிமக் கணிப்பால் விலக்க முடியாது என்பதே கூறத்தக்கது. அதனை விலக்கக்கூடியது மண்ணடுக்கு மட்டுமே. 2021 ஜூனில் சியோல் நகரின் இன்சாதொங் பகுதியில் அகழாய்வாளர்கள் மண்பானையொன்றில் ஏறத்தாழ 1,600 உலோக எழுத்துகளைக் கண்டனர். 15ஆம் நூற்றாண்டின் கொரிய எழுத்துகளும் 1434ஆம் ஆண்டு வார்ப்பைச் சேர்ந்த சீன எழுத்துகளும் அவற்றுள் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் பழமையை நிறுவ எவரும் மையின் துணையை நாட வேண்டியிருக்கவில்லை. 2010இன் எழுத்துகளுக்கு இல்லாத ஒன்று இவற்றுக்கு இருந்தது. அது எடுத்த இடம்.

2017 முடிவை நோக்கி, ஆய்வகத்தின் எண்ணைக் குழு புறக்கணித்ததாகக் குறை கூறுவது இதனாலேயே பொருந்தாது. 'இந்தக் கரி எக்காலத்தது' என்பதற்கு ஆய்வகம் விடை கூறியது. 'இவ்வெழுத்து அந்நூலை அச்சிட்டதா' என்பது குழுவின் முன்னிருந்த வினா. முதலாவதன் விடை எத்துணைத் துல்லியமானாலும் இரண்டாவதன் விடையாக மாறாது.

தாளில் உலோகத்தைத் தேடல்

எழுத்திலிருந்து தாளுக்கு வருவோம். கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரான் கதிர் ஆய்வகத்தில் 2022இல் 15ஆம் நூற்றாண்டுக் கொரிய அச்சுத்தாள்களும் கூட்டன்பர்க் விவிலியத்தின் தாள்களும் எக்ஸ்-கதிர் உடனொளிர்வு முறையில் அலகிடப்பட்டன. ஆர்க்கிமிடீசின் அழிந்த எழுத்துகளை மீட்டெடுத்த அதே ஆய்வகம் இது. உலோக எழுத்து தாளைத் தொட்டபோது தன் அணுக்கள் சிலவற்றை விட்டுச் சென்றிருக்குமா என்பது இம்முயற்சியின் பின்னணியிலுள்ள கவர்ச்சியான வினா.

மைக்கும் இக்கருவிக்கும் உள்ள பொருத்தமின்மையை முதலில் உணர வேண்டும். ஆர்க்கிமிடீஸ் ஏட்டின் மையில் இரும்பு இருந்தது. கதிர் அதனைக் கண்டது. கரி மையில் இருப்பது கார்பன். அதன் உடனொளிர்வு மிக மெல்லியது. காற்றே அதனை உறிஞ்சிவிடும். ஆகவே கண்ணுக்கு அழுத்தமான கறுப்பாகத் தெரியும் கொரிய எழுத்து இக்கருவிக்குக் கண்ணாடி போன்றது. அங்கே தெரிவது மையன்று. மையில் கலந்த அயற்பொருளும் தாளும்தான்.

தாளோ ஊமையன்று. ஹன்ஜி எனப்படும் கொரியத் தாள், காகித முசுக்கொட்டை மரத்தின் உட்பட்டையைத் தாவரச் சாம்பல் காரத்தில் வேகவைத்துச் செய்யப்படுவது. எனவே கால்சியம், பொட்டாசியம் முதலியவை பின்னணியில் இயல்பாகவே இருக்கும். தேட வேண்டியவை வெண்கலத்தின் கூறுகளான செம்பும் வெள்ளீயமும். ஆனால் கொரிய வீடுகளிலும் கூடங்களிலும் புழங்கிய யுகி என்னும் கலங்களும் செம்பும் வெள்ளீயமும் கலந்தவையே. மரப்பலகை அச்சுக்கான மையை வெண்கலக் கலத்தில் கரைத்திருந்தால், உலோக எழுத்தே தொடாத தாளிலும் அதே இரு தனிமங்கள் தோன்றலாம். தேய்த்து அச்செடுக்கும் முறையில் அழுத்தம் குறைவு என்பதால் எழுத்திலிருந்து இடம்பெயரும் உலோகம் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறு கலப்படமும் பெரிய தடமாகத் தோன்றும் அபாயம் புலப்படும்.

கூட்டன்பர்க் தாள்களோடு நேரடியாக ஒப்பிடுவதிலும் இடர் உண்டு. 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புரோட்டான் கற்றையால் அவ்விவிலியம் ஆராயப்பட்டபோது, அதன் மையில் செம்பும் காரீயமும் மிகுந்திருப்பது தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவற்றின் விகிதம் மாறுவதைக் கொண்டு அச்சுப்பணியின் வரிசையையே அவ்வாய்வாளர்கள் ஊகித்தனர். மை ஆய்வு நூலியலுக்கு அளித்த பெருங்கொடைகளுள் இது ஒன்று. அங்கே உலோகம் மையின் சேர்மானம். கொரிய மையில் உலோகம் இருக்க வேண்டிய காரணமில்லை. இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. ஒரே கருவி, ஒரே தனிமம், ஆனால் இரு தாள்களில் அதற்கு இரு பொருள். இரு படங்களையும் அருகருகே வைத்துக் 'கிழக்கும் மேற்கும்' என்று தலைப்பிடுவது காட்சிக்கு நன்று, ஒப்பீடாகாது.

கொரியத் தாளுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஐரோப்பிய நூலில் தாளின் இருபுறமும் அச்சு. ஊடுருவும் கதிரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தெரியும். கொரிய நூலில் ஒருபுறமே அச்சிட்டு, அச்சுப்பக்கம் வெளியே தெரியுமாறு தாளை நடுவில் மடித்துத் தைப்பர். தையல் பிரிந்து விரித்த தாள் கிடைக்குமானால் குறுக்கீடின்றி ஒரே அச்சைக் காணலாம்.

ஒப்பீட்டுக்குரிய நூல்கள்

குறை கூறுவதோடு நில்லாமல், எத்தகைய சோதனை இவ்வினாவைத் தீர்க்கும் என்பதையும் கூறவேண்டும். கொரியா இதில் நற்பேறு பெற்றது. ஒரே அரசவை, ஏறத்தாழ ஒரே தலைமுறை, நெருங்கிய உள்ளடக்கம். ஆனால் வேறுபட்ட அச்சு முறை என அமைந்த நூலிணை ஒன்று அங்கு உண்டு. மன்னர் செஜொங் காலத்தில் 1447இல் உலோக எழுத்துகளால் அச்சான 'சொக்போ சாங்ஜொல்' ஒன்று. 1459இல் மரப்பலகையால் அச்சான 'வொரின் சொக்போ' மற்றொன்று. முன்னதில் செம்பும் வெள்ளீயமும் எழுத்தின் கோடுகளோடு ஒத்துப் படிந்து, பின்னதில் அவ்வாறு இல்லையெனில், தடம் என்ற கருதுகோளுக்கு முதன்முறையாக உண்மையான அடித்தளம் கிடைக்கும். இன்சாதொங் எழுத்துகளின் உலோகக் கலவையோடு அவ்விகிதம் ஒத்துவருமாயின் அந்த அடித்தளம் மேலும் உறுதியாகும். இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் கலத்தையே குறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஜிக்ஜிக்கும் ஓர் இணை உண்டு. 1377இன் உலோகப் பதிப்புக்கு மறு ஆண்டே, 1378இல், ச்விஅம் கோயிலில் அதன் மரப்பலகைப் பதிப்பு வெளிவந்தது. அதன் படிகள் கொரியாவில் உள்ளன. இவ்விணையில் கோயிலும் தாளும் மையும் மாறுவதால் ஒப்பீடு அத்துணைத் தூயதன்று. அதனினும் கூர்மையான சோதனையை ஜிக்ஜி தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. போதிய உலோக எழுத்து இல்லாத இடங்களில் மரத்தில் செதுக்கிய தனியெழுத்துகள் இடையிடையே செருகப்பட்டிருப்பதாக நூலியலார் காட்டியுள்ளனர். ஒரே தாள், ஒரே மை, ஒரே கை, ஒரே நாள். அருகருகே ஓர் உலோக எழுத்தும் ஒரு மர எழுத்தும். கலத்திலிருந்து வந்த செம்பாயின் இரண்டிலும் சமமாக இருக்கும். எழுத்திலிருந்து வந்ததாயின் ஒன்றில் மட்டும் இருக்கும். மையைத் தொடாமலும் சுரண்டாமலும் செய்யக்கூடிய இச்சோதனைக்கு வேண்டிய நூல் பாரிசில் இருக்கிறது. 2023இல் அந்நூலகம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.